1969 கமாரோ டிரான்ஸ்-ஆம் நினைவு வண்டி: அறிகுறி வாரியாகக் கோளாறு நீக்கும் வழி

1969ஆம் ஆண்டு ஷெவ்ரலே கமாரோ ஒன்றை எடுத்து, அடர்நீல வண்ணம் பூசி, மஞ்சளில் 6ஆம் எண்ணை எழுதி, பானெட்டுக்குள் புதிய எல்.எஸ்.3 எஞ்சினை இறக்குகிறவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். ரோஜர் பென்ஸ்கேயின் அணிக்காக மார்க் டொனஹியூ ஓட்டிய பந்தய வண்டிக்குச் செலுத்தும் மரியாதை அது. 1968 டிரான்ஸ்-ஆம் தொடரின் 13 பந்தயங்களில் 10ஐ வென்றவர் டொனஹியூ. அடுத்த ஆண்டு 12இல் 6. போட்டி விதி 5 லிட்டருக்கு மேல் எஞ்சினை அனுமதிக்காததால் அந்தப் பந்தயத்துக்கென்று வந்த கமாரோவின் இசட்/28 மாடலில் 302 கன அங்குல எஞ்சின்தான் இருந்தது. எல்.எஸ்.3 எஞ்சினின் அளவு 6.2 லிட்டர். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும்போதே 430 குதிரைத்திறன் தருகிறது. அதன் பின்னால் ட்ரெமெக் டி-56 மேக்னம் ஆறு கியர் பெட்டி, 18 அங்குலச் சக்கரம், பின்னால் 335 மி.மீ. அகல டயர் என்று பட்டியல் நீளும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரியவரும். பெரும்பாலும் அந்தக் கோளாறு எஞ்சினில் பிறப்பதில்லை. அந்தக் காலத்து மெல்லிய டயருக்கென்று செய்த உடலை இன்றைய டயரும் பிரேக்கும் பிடித்து இழுப்பதால் பிறக்கிறது. ஆகவே முதலில் உடல், பிறகு முன்சக்கரம், பிறகு பின் அச்சு, கடைசியில் எஞ்சின் என்ற வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்றினால் நல்ல உதிரிபாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கோளாறை அப்படியே வைத்திருப்பீர்கள்.

இன்னும் வண்டி வாங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசல் இசட்/28 உடலைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். 1969இல் 20,302 இசட்/28 வண்டிகள் விற்றன. இன்று எஞ்சியிருப்பவற்றில் ஒன்றைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த சாதாரண கமாரோ போதும்; உடலமைப்பு ஒன்றுதான். அந்த ஆண்டின் வண்டி எண் 12337 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 12437 என்றால் எட்டு சிலிண்டர். எண்ணை வைத்து இசட்/28 என்று உறுதி செய்ய முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் உரிமத்தோடு புதிதாக அச்சிட்டு விற்கும் முழு உடல்களும் கிடைக்கின்றன. துரு இல்லாத தகடு என்பது இந்த வேலையில் பெரிய வரம்.

அறிகுறி: ஜாக்கி வைத்தால் கதவு இடைவெளி மாறுகிறது, கூரைத் தூண் அருகே பெயின்ட் வெடிக்கிறது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே கெட்டியான அட்டைத் துண்டை மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் செருகிப் பாருங்கள். இரண்டும் ஒரே இறுக்கத்தில் நகர வேண்டும். இப்போது முன்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு பக்கத்தில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அட்டையை மறுபடி செருகுங்கள். மேலே சிக்கிக்கொண்டு கீழே தளர்ந்தால் உடல் முறுகுகிறது என்று பொருள். கதவைத் திறந்து மூடினால் தாழ்ப்பாள் தட்டும் ஒலியே மாறியிருக்கும்.

காரணம் இதுதான். முதல் தலைமுறை கமாரோவுக்கு முழுநீளச் சட்டம் கிடையாது. பின்பாதி முழுவதும் தகட்டாலான ஒற்றை உடல். எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் முன்சட்டம் தனியாக வந்து, நான்கு ரப்பர் புஷ்களின் மேல் அந்த உடலோடு போல்ட் போட்டு இணைகிறது. ரப்பர் அதிர்வைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது நசுங்கிப் பொடியாகியிருக்கும். புதிதாக இருந்தாலும் அகல டயர் தரும் பக்கவாட்டு விசையில் சட்டம் ஒரு பக்கம் போக, உடல் இன்னொரு பக்கம் போகும்.

முதலில் ரப்பரை அகற்றி அலுமினியப் புஷ் போடுங்கள். போல்ட்டை இறுக்கும் முன் முன்சட்டத்தின் பின்முனையிலும் தரையிலும் இருக்கும் நேர்ப்படுத்தும் துளைகள் வழியே இரும்புக் கம்பியைச் செருகி, சட்டம் நேராக அமர்ந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் பிறகு எந்த அலைன்மென்ட் கடையாலும் வண்டியை நேராக ஓட வைக்க முடியாது. அடுத்து, முன்சட்டத்தின் முனையிலிருந்து பின் பட்டை ஸ்பிரிங் தாங்கி வரை இரண்டு பக்கமும் இணைப்புச் சட்டம் வைத்துப் பற்றவையுங்கள். போல்ட்டில் மட்டும் நிற்கும் இணைப்பு நாளடைவில் துளையைப் பெரிதாக்கித் தளர்ந்துவிடும். பற்றவைக்கும்போது வண்டி தன் சக்கரங்களின் மேலோ, சக்கரங்கள் தாங்கும் அதே இடங்களில் வைத்த தாங்கிகளின் மேலோ நிற்க வேண்டும். நடுவில் தூக்கி வைத்துப் பற்றவைத்தால் வளைவையே நிரந்தரமாக்கியதாகிவிடும்.

டிரான்ஸ்-ஆம் அணிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எடையைக் குறைப்பதற்காகப் பென்ஸ்கே அணி ஒரு கமாரோவின் உடலையே அமிலத்தில் தோய்த்துத் தகட்டை மெலிதாக்கியது. அப்படி மெலிந்த உடலுக்கு உள்ளே பற்றவைத்த ரோல் கேஜ்தான் எலும்பு. ஓட்டுநரைக் காப்பதற்கு மட்டும் என்று அதை நினைக்காதீர்கள். உங்கள் வண்டியில் கேஜ் வைப்பதாக இருந்தால், அதன் கால்கள் தரைத்தகட்டின் நடுவில் நிற்காமல் சட்டத்தின் மேல் வந்து இறங்கட்டும். சாலையில் ஓட்டும் வண்டி என்றால் தலைக்கு அருகில் வரும் குழாய் ஆபத்தானது. பந்தய ஹெல்மெட் இல்லாத தலை அதில் மோதினால் உயிருக்கே கேடு. அப்படிப்பட்ட வண்டிக்கு இணைப்புச் சட்டமும் பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தாங்கியும் போதும் என்பது என் கருத்து.

அறிகுறி: நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது, மேட்டில் ஏறினால் தானாகத் திரும்புகிறது

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பலர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஸ்டீயரிங் பெட்டியை மாற்றுகிறார்கள்.

சமமான சாலையில், நேராகப் போகும்போதே அலைந்தால், ஸ்டீயரிங்கை விட்டதும் அது நடுவுக்குத் திரும்பாவிட்டால், காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, போதவில்லை. 1969இன் தொழிற்சாலை அளவு ஒரு டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை வாகன நிறுத்தத்தில் எளிதாகத் திருப்ப அது உதவியது. அந்தக் காலத்துப் பயஸ் டயருக்கும் பொருந்தியது. இன்றைய ரேடியல் டயருக்கு 5 முதல் 7 டிகிரி வரை வேண்டும். சஸ்பென்ஷனின் பழைய மேல் கைகளில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) அடுக்கி இந்த அளவை எட்ட முடியாது. காஸ்டர் கூட்டிச் செய்த மேல் கை போட்டால்தான் வரும்.

மேடு பள்ளத்தில் மட்டும் மூக்கு திரும்பினால் அது பம்ப் ஸ்டீயர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது டை ராடும் சஸ்பென்ஷன் கைகளும் வெவ்வேறு வட்டத்தில் நகர்வதால் சக்கரம் தானே திரும்புகிறது. வண்டியைத் தாழ்த்தும்போது இது கூடும். அளந்து பார்ப்பது கடினமில்லை. முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை நடுவில் கட்டிவைத்து, சக்கர ஹப்பில் ஒரு நேர்த் தகட்டைப் பொருத்துங்கள். ஓடும் உயரத்திலிருந்து மேலே 50 மி.மீ., கீழே 50 மி.மீ. ஜாக்கியால் நகர்த்தி, தகட்டின் முன் முனையும் பின் முனையும் எவ்வளவு விலகுகின்றன என்று 10 மி.மீ.க்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். வரைந்து பார்த்தால் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வெளி டை ராடின் உயரத்தை மாற்ற வேண்டும். வளைந்திருந்தால் அதன் நீளம் பொருந்தவில்லை.

இந்த வேலை முடியும் வரை முன் ஆன்டி-ரோல் பாரைக் கனமாக்க வேண்டாம். கனமான பார் நோயை மறைக்கும். இந்தக் கமாரோவின் மேல் கை அச்சைக் கீழே இறக்கிப் பொருத்தும் முறைக்கு, கமாரோவும் கார்வெட்டும் ஓட்டிய டிக் குல்ட்ஸ்ட்ராண்டின் பெயரே நிலைத்துவிட்டது. வளைவில் வெளிச்சக்கரம் நிமிர்ந்து நிற்க அது உதவும். மலிவான வேலை. துளையிடும் அச்சுத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் தவறாது.

ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு தட்டல் கேட்டால், சஸ்பென்ஷனைத் தேடாதீர்கள். கமாரோவின் ஸ்டீயரிங் இணைப்புகள் அச்சுக்குப் பின்னால் ஓடுகின்றன. எல்.எஸ். எஞ்சினின் ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) அவற்றுக்கு மேலே தொங்குகிறது. நடு இணைப்புக் கம்பி சம்பில் உரசிய பளபளப்பான தடம் அங்கே இருக்கும். பழைய உடல்களுக்கென்று வடிவமைத்த சம்ப் போடுவதுதான் வழி.

அறிகுறி: 100 கி.மீ. வேகத்தில் தரை வழியே அதிர்வு

அந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின், கிளட்ச் பக்கம் பாருங்கள். தொடர்ந்தால் டயர் அல்லது கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைத்துச் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட். டயர்ச் சமநிலைக் கோளாறு ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ மெதுவான ஆட்டமாக வரும். ஷாஃப்ட் கோண அதிர்வு அதைவிட வேகமான ரீங்காரம். கியர் லீவரில் விரலை வைத்தாலே தெரியும்.

டி-56 மேக்னம் கமாரோவின் தரைச் சுரங்கத்தைவிடப் பெரியது. தகட்டை வெட்டத் தயங்குகிறவர்கள் கியர்பாக்ஸின் வாலைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கோணம் கெடுகிறது. டிஜிட்டல் கோணமானியால் மூன்று அளவு எடுங்கள்: கியர்பாக்ஸின் வெளியச்சு, ஷாஃப்ட், பின் அச்சின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்). வண்டி சக்கரங்களின் மேல் நிற்க வேண்டும். பெட்ரோலும் ஓட்டுநரின் எடையும் இருக்க வேண்டும். கியர்பாக்ஸும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணமும் 3 டிகிரிக்குள் அடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு 1 டிகிரியைத் தாண்டக் கூடாது. கோணமே இல்லாமல் நேராகவும் விடக் கூடாது. அரை டிகிரியாவது இருந்தால்தான் ஜாயின்ட்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளும். இல்லையென்றால் ஒரே இடத்தில் தேய்ந்து குழி விழும்.

பின்புறம் பட்டை ஸ்பிரிங் இருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பினியன் மூக்கு மேலே எழும். அதற்காக நிற்கும்போது 1 அல்லது 2 டிகிரி தாழ்வாக வைக்கலாம். இவை எதுவும் பொருந்தி வரவில்லை என்றால் சுரங்கத் தகட்டை வெட்டி உயர்த்துங்கள். ஷாஃப்ட்டை மறுபடி மறுபடி சமநிலைப்படுத்திப் பயனில்லை.

அறிகுறி: முழு ஆக்சிலரேட்டரில் பின்சக்கரம் குதிக்கிறது

ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இருந்தால் அதுவே காரணம். 1967 கமாரோவிலேயே இந்தக் குறை தெரிந்து, 1968இல் தொழிற்சாலையே ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தது. வலிமையான மாடல்களுக்குப் பல பட்டைகள் கொடுத்தது. 430 குதிரைத்திறனுக்குப் பல பட்டைகள், ஸ்பிரிங்கின் முன் வளையத்தில் கெட்டியான புஷ், நல்ல ஷாக் ஆகியவை குறைந்தபட்சத் தேவை. பந்தயத் தடத்துக்கும் போவதென்றால் அச்சு முறுகாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் அல்லது மூன்று இணைப்பு அமைப்பு பார்க்கலாம். ஆனால் கியர்பாக்ஸின் வால் தாங்கியின் ரப்பரும் எஞ்சின் தாங்கிகளும் கிழியாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிழிந்த ரப்பரும் இதே குதிப்பைத் தரும்.

அறிகுறி: வேகமான வளைவுக்குப் பிறகு முதல் மிதியில் பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது, இரண்டாவது மிதியில் சரியாகிறது

பிரேக் ஆயிலில் காற்று இருந்தால் ஒவ்வொரு மிதியும் பஞ்சு போல இருக்கும். இது அப்படி இல்லை. வளைவில் அச்சோ ஹப்போ பக்கவாட்டில் அசைந்து, டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடுகிறது. அந்த இடைவெளியை மூடவே முதல் மிதி செலவாகிறது. பென்ஸ்கே அணி இதே விலகலை வேண்டுமென்றே உண்டாக்கியது. நடுப்பந்தயத்தில் பேடை விரைவாக மாற்றுவதற்காக, வெற்றிட விசையால் பிஸ்டன்களைப் பின்னுக்கு இழுக்கும் ஏற்பாட்டை அவர்கள் செய்திருந்தார்கள். அவர்களுடைய வண்டி நின்றிருக்கும்போது நடந்தது, உங்கள் வண்டியில் 150 கி.மீ. வேகத்தில் நடக்கிறது.

பின் அச்சு ஷெவ்ரலேயின் 12 போல்ட் வகை என்றால் அச்சுத்தண்டை உள்ளே ஒரு சி வடிவக் கிளிப் மட்டுமே பிடித்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, அச்சு விளிம்பைக் கையால் உள்ளும் வெளியும் தள்ளி இழுங்கள். டயல் அளவி வைத்தால் ஆட்டம் தெளிவாகத் தெரியும். நிலையான டிஸ்க் காலிப்பருக்கு இந்த ஆட்டம் ஆகாது. கிளிப் இல்லாத அச்சு முனைக்கு மாறுவதோ, ஃபோர்டு 9 அங்குல அச்சைப் பொருத்துவதோ நிரந்தரத் தீர்வு. முன்பக்கம் சக்கர பேரிங்கின் ஆட்டத்தைப் பாருங்கள்.

பெடல் ஆழமாக இறங்காமல் கல்லாக இறுகினால் அது வேறு கோளாறு. பெரிய காம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின் ஐடிலில் போதிய வெற்றிடத்தைத் தருவதில்லை. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு 18 அங்குலப் பாதரசத்தை ஒட்டிய வெற்றிடம் வேண்டும். மின் வெற்றிடப் பம்ப் வைக்கலாம், ஸ்டீயரிங் பம்பின் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்டுக்கு மாறலாம். பூஸ்டரே இல்லாத பந்தயப் பெடல் வேண்டுமானால், பெடல் நெம்புகோல் விகிதத்தையும் மாஸ்டர் சிலிண்டர் விட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது ஆபத்து.

அறிகுறி: நீண்ட வளைவில் ஆயில் அழுத்தம் சரிகிறது

ஆக்சிலரேட்டரிலிருந்து உடனே காலை எடுங்கள். இது ஒத்திப்போடக்கூடிய கோளாறு இல்லை. சூடான எல்.எஸ்.3 எஞ்சினில் 1,000 சுற்றில் குறைந்தது 6 பி.எஸ்.ஐ., 2,000இல் 18, 4,000இல் 24 இருக்க வேண்டும். நேர்ச்சாலையில் இவை சரியாக இருந்து வளைவில் மட்டும் முள் துடித்தால், சம்பில் ஆயில் ஒரு பக்கமாக ஏறி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. தடுப்புக் கதவுகள் கொண்ட சம்ப், அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைக்கும் உருளை, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் முழு டிரை சம்ப் என்ற வரிசையில் செலவு ஏறும். ஒட்டும் பந்தய டயர் போட்டு ஓட்டுகிறவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

வளைவிலிருந்து வெளியேறும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். காற்றோட்டக் குழாய் வழியே ஆயில் இன்டேக்குக்குள் போகிறதா என்று பாருங்கள். தடுப்புள்ள ஒரு சேகரிப்புக் குடுவை பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும்.

அறிகுறி: கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவில் எஞ்சின் இருமுகிறது

எல்.எஸ்.3 எஞ்சினுக்கு 58 பி.எஸ்.ஐ. எரிபொருள் அழுத்தம் இடைவிடாமல் வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் சிறு கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஒரு விநாடி இடைவெளியைத் தாங்கும், இதில் தாங்காது. அழுத்தமானியைக் குழாயில் இணைத்து, வெளியே கண்ணாடிமேல் டேப் போட்டு ஒட்டி ஓட்டுங்கள். வளைவில் மட்டும் முள் விழுந்தால் டேங்குக்குள் தடுப்புப் பெட்டியோ தனிச் சேமிப்புக் கலமோ தேவை. எல்லா இடத்திலும், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது மெல்ல இறங்கினால், பம்பின் முனையிலேயே வோல்டேஜ் அளந்து பாருங்கள். பழைய மெல்லிய ஒயரில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். தடித்த ஒயரும் ரிலேயும் போட்டு, எர்த்தைச் சட்டத்தில் சுத்தமான இரும்பில் இறுக்குங்கள்.

அறிகுறி: சூடு ஏறுகிறது

நிற்கும்போது ஏறினால் விசிறி அல்லது அதன் கூடு. ஓடும்போது ஏறினால் காற்றோட்டம். இரண்டிலும் ஏறி, முள் திடீரென்று துள்ளினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. எல்.எஸ். சிலிண்டர் தலைகளின் மேல் நீராவிக் குழாய் உண்டு. இடப்பிரச்சினை என்று பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அதை ரேடியேட்டரின் உச்சிக்குக் கொண்டுபோய் இணைத்து, வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தித் தண்ணீர் நிரப்புங்கள்.

ஓடும்போது ஏறும் சூட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1969இல் வந்த பின்னோக்கித் திறந்த கவுல் இண்டக்ஷன் பானெட், சூட்டை வெளியேற்றும் என்று நம்புகிறவர்கள் உண்டு. முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம். அந்தத் திறப்பு காற்றை உள்ளே இழுக்கவே செய்யப்பட்டது. கார்புரேட்டருக்கு அது நன்மை. ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று போவதற்கு அங்கே வழியில்லை. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளைத் தகட்டாலும் நுரையாலும் அடைத்து, முன் பம்பருக்குக் கீழே காற்றுத் தடுப்பு வைத்தால், காற்று கீழ்வழியே வெளியேறும்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது டேகோமீட்டர் பாதி காட்டுகிறது

ஸ்கேனரில் சுற்று எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் கிராங்க் பல்சக்கரமும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியும் பொருந்தவில்லை. தொடக்க கால எல்.எஸ்.1 எஞ்சினுக்கு 24 பல், எல்.எஸ்.3க்கு 58. பழைய கணினியை மலிவாக வாங்கியவர்களுக்கு இது வரும். எண்ணிக்கை தெரிந்தும் பிடிக்கவில்லை என்றால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது கணினிக்குப் போகும் வோல்டேஜையும் எஞ்சினிலிருந்து சட்டத்துக்கும் சட்டத்திலிருந்து உடலுக்கும் உள்ள எர்த் பட்டைகளையும் பாருங்கள். உடலின் புதுப் பெயின்ட் மேலேயே எர்த்தை இறுக்கியிருப்பார்கள்.

பாதி காட்டும் டேகோமீட்டர் கெட்டுப்போனதில்லை. கணினி நான்கு சிலிண்டருக்குரிய துடிப்பை அனுப்புகிறது. 1969இன் டேகோ எட்டுக்காகச் செய்தது. கணினி அமைப்பில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இடையில் ஒரு சிக்னல் மாற்றியைப் பொருத்துங்கள்.